வெள்ளைக் காரில் ஆரஞ்சுப் புள்ளி

பெரம்பூரில் ரயில் பாதையோரம் வெள்ளைக் கார் வைத்திருந்தவர்களுக்கு இந்தப் புள்ளிகளை நன்றாகத் தெரியும். கடுகைவிடச் சின்னதாக, ஆரஞ்சும் செங்கல் நிறமும் கலந்து, பானெட் முழுக்க இறைந்து கிடக்கும். கழுவினால் போகாது. நகத்தால் சுரண்டினால் நகம்தான் தேயும். புதுக் கார் அதற்குள் துருப்பிடித்துவிட்டதே என்று பதறிக்கொண்டு எங்கள் மாமாவின் பட்டறைக்கு வருவார்கள். துருப்பிடித்தது காரின் தகடு இல்லை, வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட இரும்பு என்று மாமா சொன்னால் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். கம்பெனியை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த வட்டாரத்தில் இரும்புக்கா பஞ்சம்? லோகோ ஒர்க்ஸ், கேரேஜ் ஒர்க்ஸ், 1955-இல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை என்று எல்லாமே கூப்பிடு தூரம். அந்தக் காலத்துப் பெட்டிகளில் பிரேக் போட்டால் வார்ப்பிரும்புக் கட்டை போய்ச் சக்கரத்தை அழுத்தி உரசும். உதிர்கிற துகள் சூடாகப் பறக்கும். சூடான துகள் பெயிண்டில் விழுந்தால் மேலாக உட்காராது, லேசாகப் புதைந்துவிடும். பிறகு பனியும் மழையும் கடற்காற்றும் சேர்ந்து அதைத் துருவாக்கும். துருவாகும்போது இரும்பு பருக்கும். பருத்துச் சுற்றியிருக்கும் பெயிண்டை நெம்பும். வீட்டுக்குப் பக்கத்தில் கிரில் பட்டறை இருந்தாலும் இதே கதைதான். கிரைண்டரில் தெறிக்கிற பொறியும் இரும்புதானே. தீபாவளி முடிந்தும் சில கார்கள் வரும். புஸ்வாணத்தில் பூப்பூவாகச் சிதறும் பொன்னிறப் பொறி இரும்புத்தூள் எரிவதால் வருவது. பக்கத்தில் நிற்கும் கார் மேலும் அது விழத்தான் செய்யும்.

நான் பாலிடெக்னிக் படித்த காலத்திலும், படிப்பு முடிந்து வேலை கிடைக்காமல் திரிந்த காலத்திலும் அந்தப் பட்டறையில்தான் கிடந்தேன். 1980-களின் கடைசி. டிங்கரிங் மாமா கையில். பெயிண்டிங்குக்கு நிரந்தர ஆள் கிடையாது, மாறிக்கொண்டே இருப்பார்கள். பாலிஷுக்கு மட்டும் எப்போதும் பாய். அவர் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மாமாவும் பாய் என்பார், வாடிக்கையாளர்களும் பாய் என்பார்கள். பேன்ட் போடமாட்டார். பெல்ட் பக்கிள் காரில் உரசிக் கோடு விழும் என்பதால் லுங்கிதான். மோதிரம், கைக்கடிகாரம் எதுவும் கிடையாது. நான் ஒருநாள் வாட்ச்சோடு துணியை எடுத்தபோது, "தம்பி, மணி பாக்கணும்னா சுவத்துல இருக்கு" என்றார்.

பாயின் மரப்பெட்டியைத் திறந்தால் வாசனையே ஆளைத் தூக்கும். ஒரு பாட்டிலில் கிருஷ்ணாயில், ஒன்றில் தேங்காயெண்ணெய், ஒன்றில் தின்னர். ரப்பிங் காம்பவுண்டு டப்பா. 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர். திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பனியன் வேஸ்ட். அதிலும் தையல் இருக்கும் துண்டுகளை எல்லாம் கத்தரித்துத் தூர எறிந்துவிட்டு மெத்தென்ற துண்டுகளை மட்டும் அடுக்கி வைத்திருப்பார்.

எதற்கு எது என்பதில் அவருக்கு ஒரு கணக்கு உண்டு. கோடையில் ரோடு போட்டால் கதவின் கீழ்ப்பகுதியெல்லாம் தார் தெறித்திருக்கும். அதற்குக் கிருஷ்ணாயில் நனைத்த துணியைச் சற்று நேரம் ஒற்றி வைப்பார். தார் இளகியதும் ஒரே இழுப்பு. புதுப் பெயிண்டாக இருந்தால் தேங்காயெண்ணெய். அதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது. தின்னரை நாங்கள் யாரும் தொடக்கூடாது. தாரோடு பெயிண்டையும் சேர்த்துக் கரைத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். போர் தண்ணீரில் கழுவிக் கழுவி வெள்ளை வட்டமாக உப்புப் படிந்த கார்களுக்கு எலுமிச்சைச் சாறு. அதையும் நிழலில்தான் போடுவார், உடனே கழுவிவிடுவார். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்திய கார் என்றால் மேலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். அதற்குச் சோப்புத் தண்ணீர் போதும், அன்றைக்கே வந்தால். ஒரு வாரம் வெயிலில் காய்ந்து வந்தால் பாய் பெருமூச்சு விடுவார்.

இதில் எதற்கும் மசியாதவை மிஞ்சும். அதற்குத்தான் ரப்பிங் காம்பவுண்டு. ரயில் இரும்புக்கும் அதுதான்.

காம்பவுண்டைக் கேவலமாகப் பேசுவது இன்றைக்கு வழக்கமாகிவிட்டது. அன்றைய பெயிண்டைப் பார்க்காதவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள். அம்பாசடரிலும் பத்மினியிலும் ஸ்டாண்டர்டு ஹெரால்டிலும் நிறம்தான் மேல் அடுக்கு. அதற்கு மேல் கண்ணாடிப் பூச்சு எதுவும் இல்லை. சென்னை வெயிலில் அந்த நிறம் வெளிறும், சுண்ணாம்பு பூத்து மங்கும். விரலால் தடவினால் விரலில் ஒட்டும். அந்தச் செத்த அடுக்கை எடுத்தால்தான் உள்ளே இருக்கும் நிறம் தெரியும். காம்பவுண்டு போட்டுத் தேய்த்தால் அழுக்கும் போனது, செத்த பெயிண்டும் போனது, பளபளப்பு வந்தது. துணியில் காரின் நிறம் ஏறும். நீல அம்பாசடர் என்றால் நீலத் துணி, கறுப்பு என்றால் கறுப்புத் துணி. எவ்வளவு பெயிண்ட் போகிறது என்பதைப் பாய் அந்தத் துணியைப் பார்த்தே சொல்வார். போதும் என்று தோன்றினால் அப்படியே நிறுத்திவிடுவார். பட்டறையில் மைக்ரான் கணக்கெல்லாம் யாருக்கும் தெரியாது. ஆனால் துணி தெரியும். பெயிண்டும் அன்று கனமாகவே இருக்கும். அடுக்கு மேல் அடுக்காக அடித்துத் தேய்த்து அடித்ததுதானே. சில வருடத்துக்கு ஒருமுறை முழு பெயிண்ட் அடிப்பதும் சகஜம்.

காம்பவுண்டு தோற்றது வேறு இடத்தில். பெரம்பூரிலேயே வீடும் கிளினிக்கும் வைத்திருந்த ஒரு டாக்டர், வெள்ளை மாருதி 800. வீட்டுச் சுவரை ஒட்டித் தண்டவாளம். பாய் தேய்த்துக் கொடுத்தால் கார் மல்லிகை நிறத்தில் போகும். மழை ஒன்று பெய்ததும் அதே இடத்தில் அதே புள்ளி. டாக்டர் கோபப்படுகிற ஆள் இல்லை. ஒருநாள் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு மாமாவிடம் சொன்னார்: "காலில் முள் குத்தினால் தோலைச் சீவுவீங்களா, முள்ளை எடுப்பீங்களா?" பாய்க்கு அது சுருக்கென்று தைத்தது. அவர் செய்தது அதேதான். புள்ளியின் வெளியே தெரிந்த தலையைத் தேய்த்து எடுத்திருந்தார்; உள்ளே ஊன்றியிருந்த இரும்பு அப்படியே இருந்தது. ஈரம் பட்டதும் மறுபடி துருப்பிடித்தது.

அந்த வாரம் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் மொசைக் தரை பாலிஷ் நடந்தது. மொசைக் போடுகிறவர்களிடம் ஆக்ஸாலிக் ஆசிட் பொடி இருக்கும். கடைசிக் கைக்கு அதைத் தூவித்தான் தேய்ப்பார்கள். தரையில் இரும்பு நாற்காலிக் கால் பதித்த துருக்கறையும் அதில் போகும். பாய் ஒரு பொட்டலம் வாங்கி வந்தார். வெந்நீரில் கரைத்து, துணியில் நனைத்து, புள்ளிகள் மேல் போர்த்தி வைத்தார். காயாமல் இருக்க மேலே மேலே தெளித்துக்கொண்டே இருந்தோம். எடுத்துப் பார்த்தால் ஆரஞ்சு வெளுத்திருந்தது. பல புள்ளிகள் மறைந்தே போயிருந்தன. அப்புறம் சோடா உப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றி ஆசிட்டை அடக்கி, நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்பக் கழுவினார்.

அமெரிக்காவிலும் இதே வைத்தியம் இருந்தது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. அங்கே தொழிற்சாலையிலிருந்து ஷோரூமுக்குக் கார்களை ரயிலில் ஏற்றி அனுப்புவார்கள். வழியில் இந்தப் புள்ளி விழும். ஆக்ஸாலிக் ஆசிட் கலந்த கரைசலால் எடுப்பார்கள். பெரம்பூர் பாய்க்கு அந்தச் செய்தியெல்லாம் வந்து சேரவில்லை. மொசைக்காரரைப் பார்த்து அவரே கண்டுபிடித்தார். ஆனாலும் அது நல்ல வழி என்று சொல்லமாட்டேன். ஆக்ஸாலிக் ஆசிட் விஷம். கையுறை இல்லாமல் அதில் புழங்கிய பாயின் விரல் நுனிகள் வெடித்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வேலையும் முழுசாக ஆகாது; ஆழமாகப் போன துகள் அசையாது.

மாமா வீட்டுக்கு உறவான ஒருவர் சிங்கப்பூரில் கார் பட்டறையில் வேலை பார்த்தார். 1990-களின் பிற்பாதியில் லீவில் வந்தபோது ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார். உள்ளே நீல நிறத்தில் ஒரு கட்டி. பிசைந்தால் பிசையவரும். பெயர் கிளே. பெயரில்தான் களிமண், உண்மையில் அது பிசின் போன்ற செயற்கைப் பொருளில் மிக நுண்ணிய உராய்பொடி கலந்தது. ஜப்பானில் டடாவோ கொடாட்டே என்பவர் உருவாக்கியது. அமெரிக்காவில் அவருக்கு 1995-இல் காப்புரிமை கிடைத்தது. காரில் தெறித்துப் படிந்த பெயிண்ட் தூறலையும் இரும்புத் துகளையும் வாட்டர் பேப்பர் போடாமல் எடுக்கப் பட்டறைக்காரர்கள் கையாண்ட சாமான்.

சிங்கப்பூர்க்காரர் செய்து காட்டினார். பானெட்டில் சோப்புத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, கட்டியைத் தட்டையாக்கி, அழுத்தாமல் முன்னும் பின்னும் நகர்த்தினார். முதலில் சரசரவென்று சத்தம் கேட்டது. போகப் போகச் சத்தம் குறைந்து, கட்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. திருப்பிக் காட்டினார், கட்டியின் அடியில் பழுப்பும் ஆரஞ்சுமாகப் புள்ளிகள். பெயிண்டில் இருந்தவை அதில் பதிந்து வந்திருந்தன. மாமா வாயைத் திறந்தபடி நின்றார்.

பாய் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கிள்ளு வாங்கி விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தார். பட்டறையில் நின்ற கறுப்பு அம்பாசடர் பக்கம் போய், ஓர் உள்ளங்கை அளவு இடத்தில் அதையே ஓட்டினார். துடைத்துவிட்டு டியூப் லைட்டை இழுத்துச் சாய்வாகப் பிடித்தார். மெல்லிய மங்கல் தெரிந்தது. "இதுலயும் மண்ணு இருக்கு தம்பி. மண்ணு இருந்தா கோடு விழும்" என்றார். கட்டியின் ரகத்தை அவர் தொட்டே கண்டுகொண்டார். இன்றைக்கும் இதுதான் உண்மை. வெள்ளையில் கண்ணுக்குத் தெரியாது, கறுப்பில் தெரியும். கிளே போட்ட பின் மெலிதான பாலிஷ் ஒன்று போட்டால்தான் கறுப்புக் கார் முழுமையாகும். கீழே விழுந்த கட்டியைத் திரும்ப எடுத்துத் தேய்த்தால் தரை மணலும் சேர்ந்து தேய்க்கும். அதைத் தூக்கி எறிய மனம் வரவேண்டும். விலை கொடுத்து வாங்கிய சாமானைத் தூக்கி எறிய நம் ஊரில் யாருக்கு மனம் வருகிறது?

பாயைக் குழப்பியது கிளே இல்லை, கிளியர் கோட். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது; அடுத்தடுத்து மற்றவர்களும் வந்தார்கள். தெருவில் மெட்டாலிக் நிறங்கள் பெருகின. மெட்டாலிக் என்றால் நிறத்துக்கு மேல் நிறமற்ற ஓர் அடுக்கு கட்டாயம். பாய் வெள்ளித் துணியை எதிர்பார்த்துத் தேய்த்தார். துணி அழுக்காயிற்று, ஆனால் வெள்ளி ஏறவில்லை. "எதைத் தேய்க்கிறேன்னே தெரியலையே" என்று துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய அளவுகோல் அன்றைக்குக் கையை விட்டுப் போயிற்று.

கம்பெனியில் அடிக்கிற கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான் கனம்தான். தலைமுடியைவிட மெலிது. வெயிலின் புற ஊதாவைத் தடுக்கிற வேலை அதனுடையது. அழுக்குக்காக வருடா வருடம் காம்பவுண்டு போட்டால் அந்த அடுக்கு மெலியும். பிறகு கூரையிலும் பானெட்டிலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரியும். உரிந்தால் பாலிஷால் ஆவது ஒன்றுமில்லை, திரும்ப அடிக்கத்தான் வேண்டும். சென்னைத் தெருக்களில் அப்படி உரிந்த கூரையோடு ஓடும் கார்களை இன்றும் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் காம்பவுண்டு காரணம் இல்லை, வெயிலுக்கும் பங்கு உண்டு. ஆனால் டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தால் பலவற்றில் பஃபிங் மெஷின் ஓடிய வட்டங்கள் தெரியும்.

மாமா காலத்துக்குப் பின் பட்டறை மூடப்பட்டது. அவர் மகன் அம்பத்தூர் பக்கம் டீடெய்லிங் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். வெள்ளை விளக்கு, ஏசி, காத்திருப்பவர்களுக்குக் காபி. முதல்முறை அங்கே போனபோது ஒரு வெள்ளைக் காரின் கதவில் ஏதோ தெளித்துக்கொண்டிருந்தான். சற்று நேரத்தில் வெள்ளைக் கதவில் ஊதா நிறக் கோடுகள் வழியத் தொடங்கின. அழுகிய முட்டையும் பியூட்டி பார்லரும் கலந்த நாற்றம். "அயர்ன் ரிமூவர், அத்தான். தள்ளி நில்லுங்க" என்றான்.

பார்லர் நாற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. அதிலுள்ள தயோகிளைகோலேட் வகைச் சேர்மம்தான் முடியைச் சுருட்டும் கரைசலிலும், முடி நீக்கும் கிரீமிலும் இருப்பது. இரும்பைக் கண்டால் அதோடு பிணைந்து ஊதாவாக மாறி, தண்ணீரில் கரைகிற உருவத்தில் அதை வெளியே கொண்டுவந்துவிடும். அமிலமும் இல்லை, காரமும் இல்லை. நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்கும்படி தயாரிக்கிறார்கள். ஆழமாகப் புதைந்த துகளையும் சுற்றிலும் கரைத்துப் பிடியைத் தளர்த்துகிறது. டாக்டர் கேட்ட வைத்தியம் அதுதான். மொசைக் ஆசிட் செய்ய முயன்று பாதியில் விட்டதை இது செய்து முடிக்கிறது. ஒரே நிபந்தனை, காயவிடக்கூடாது. சித்திரை வெயிலில் சூடேறிய பானெட்டில் தெளித்தால் நிமிடத்தில் காய்ந்து கறையாகிவிடும். நிழல், குளிர்ந்த தகடு, கையுறை, காற்றோட்டம். பிறகு நிறையத் தண்ணீர்.

ஊதா நிறத்தில் கொஞ்சம் வியாபாரமும் உண்டு. வாடிக்கையாளர் செல்போனில் படம் எடுக்கிறார். தன் காரிலிருந்து இவ்வளவு விஷம் இறங்குகிறதே என்று மிரள்கிறார். அடுத்த பேக்கேஜுக்குத் தலையாட்டுகிறார். சக்கரத்தில் தெளித்தால் எந்தக் காரிலும் ஊதா வரும், ஏனென்றால் பிரேக் டிஸ்க்கே இரும்பு. ஊதா வந்தது என்றால் இரும்பு இருக்கிறது என்று மட்டுமே பொருள். மாதா மாதம் செய்ய வேண்டும் என்று பொருள் இல்லை. இதைச் சொன்னால் மாமா மகன் சிரிப்பான், மறுக்கமாட்டான்.

அவன் அலமாரியில் தார் நீக்கி என்று ஓர் அழகான பாட்டில் இருக்கிறது. முகர்ந்து பார்த்தேன், பாயின் மரப்பெட்டி ஞாபகம் வந்தது. பெட்ரோலியத்திலிருந்து வடித்த கரைப்பான்தான் அதிலும். கிருஷ்ணாயிலைவிடச் சுத்தமானது, எண்ணெய்ப் படலம் விடாமல் ஆவியாவது, அவ்வளவுதான் வித்தியாசம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்ப் பக்கம் எண்ணெய்க் கழிவு ஊருக்குள் வந்தபோது, வீட்டுச் சுவர், படகு, வண்டி எல்லாம் கறுப்பாயின. அங்கிருந்து வந்த ஒரு காரை மாமா மகன் எடுத்தான். துணியால் துடைத்தால் எண்ணெயோடு சேறும் சேர்ந்து இழுத்துக் கோடு போடும் என்று, முதலில் தண்ணீரை வேகமாக அடித்துச் சேற்றைத் தள்ளி, பிறகு கரைப்பான் தெளித்து, ஊறவைத்து, நுரையில் கழுவினான். கிளே அன்றைக்கு வெளியே வரவே இல்லை. பாய் இருந்திருந்தாலும் அதே வரிசையில்தான் செய்திருப்பார்.

பாய் அந்த ஸ்டூடியோவுக்கு வந்தது அதற்குச் சில வருடங்கள் முன்பு. கண் சரியாகத் தெரியாத வயது. ஊதா வழிவதை அருகில் போய்ப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "பெயிண்ட் எவ்ளோ போவுது?" மாமா மகன் கனமளக்கும் மீட்டரைத் தகட்டில் வைத்து, தெளிப்பதற்கு முன்னும் கழுவிய பின்னும் எண்ணைக் காட்டினான். எண் மாறவில்லை. பாய் எண்ணைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து சிகரெட் பெட்டியை எடுத்து, அதன் மேலுறைக் காகிதத்தை உரித்து விரல் நுனியில் வைத்துக் கதவைத் தடவினார். வெறும் விரலுக்கு எட்டாத சொரசொரப்பு அந்தக் காகிதம் வழியாக எட்டும். ஓரிடத்தில் நின்றது விரல். "இங்க மட்டும் கட்டி போடுப்பா" என்றார். மாமா மகன் அங்கே மட்டும் கிளே ஓட்டினான்.

பழையதா புதியதா என்று என்னைக் கேட்டால், இரும்புக்குப் புதியதுதான், சந்தேகமே வேண்டாம். தாருக்கு இரண்டும் ஒன்று. உப்புக் கறையை எடுக்கும் எலுமிச்சைக்கும் இன்றைய ஜெல்லுக்கும் அமிலம் பொது. புதியதில் அளவு கட்டுப்பாடு இருக்கிறது. காம்பவுண்டு மட்டும் அழுக்கு எடுக்கிற சாமான் அல்ல. கோட்டை எடுக்கிற சாமான். கரைவதைக் கரைத்துவிட்டு, கரையாததைக் கிளேயால் இழுத்துவிட்டு, அதற்கும் பிறகு கோடு தெரிந்தால் மட்டும் அதைத் தொடலாம்.

நீங்கள் எங்காவது பேக்கேஜுக்குப் பணம் கட்டுவதற்கு முன், காரைக் கழுவிவிட்டு ஈரத்தோடு ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி பானெட்டை லேசாகத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று தடுத்தால் போய்ச் செய்துகொள்ளுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் ஒன்றும் வேண்டாம், வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.